ஆறிப்போன இரண்டாவது காப்பி

மார்ச் 5, 2012, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மாடிப்படியைக் கழுவினேன். இந்த வாரம் என் முறை. அடுத்த வாரம் எதிர்வீட்டு லியூபாவின் முறை. ஆறு வருஷமாக இருவரும் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அந்த ஆறு வருஷத்தில் "வணக்கம்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதுமில்லை. என் கதவுக்கும் அவள் கதவுக்கும் நடுவே ஒரு மீட்டர் அறுபது சென்டிமீட்டர். நில அளவை அலுவலகத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டியவள் இதையெல்லாம் அளக்காமல் எப்படி இருப்பது? போகிற போக்கில் அவளுடைய கால்மிதியையும் உதறிப் போட்டேன். எங்களைச் சண்டைக்காரிகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மாலையில் மகள் இல்மா பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். தலைநகர் சரயேவோவிலிருந்து வேத்ரானா என்றொரு ஆராய்ச்சிப் பெண் வந்திருக்கிறாளாம். பெற்றோர் பிள்ளைகளை வளர்க்கும் விதத்துக்கும், அந்தப் பிள்ளைகள் சமாதானத்தைப் பற்றி நினைப்பதற்கும் என்ன தொடர்பு என்று பார்க்கிறாளாம். எங்களுக்கு நான்கு பக்கம், பிள்ளைகளுக்கு இரண்டு பக்கம். சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறாள். போருக்குப் பிறகு ஒரே பள்ளிக் கட்டடம், இரண்டு வாசல். எங்கள் முஸ்லிம் பிள்ளைகள் இந்த வாசல், லியூபாவைப் போன்ற கத்தோலிக்கர்களின் பிள்ளைகள் அந்த வாசல். மணிகூட ஐந்து நிமிஷம் தள்ளித்தான் அடிக்கும், படியில் முட்டிக்கொள்ளக் கூடாதென்று.

"நீங்கள் எப்படிப்பட்ட பெற்றோர்?" மூன்று கட்டங்கள். கண்டிப்பானவர், விட்டுவிடுபவர், அன்போடு கண்டிப்பவர். மூன்றாவதில் குறி போட்டேன். உலகத்தில் எந்தத் தாய் மற்ற இரண்டில் போடுவாள்?

"என்னை எந்தக் கட்டத்துல போட்டே?" என்றார் என் கணவர் நெஜாத், சோபாவில் படுத்தபடி.

"உங்களுக்குன்னு தனியா சோபாக் கட்டம் ஒண்ணு இருக்கு."

மாதத்தில் எத்தனை முறை வீட்டில் குரலை உயர்த்துவீர்கள்? பூஜ்யம் என்று எழுதினேன். கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

மார்ச் 6

நேற்றுப் பென்சிலில் நிரப்பிய படிவத்தின்மேல் இன்று மையில் எழுதினேன். பூஜ்யம் இன்னும் அழகாக வந்தது.

மார்ச் 10, சனி

லியூபாவின் மகள் திஹானா காலை ஆறரையிலிருந்து கத்துகிறாள். இரண்டு வயது. நாற்பதில் பிறந்த ஒரே பிள்ளை. பெயருக்கு "சத்தமில்லாதவள்" என்று அர்த்தம். பெயர் வைத்த பாதிரியாரை மூன்று மாடிக்காரர்களும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அந்தத் தலைமுடி! பிறந்ததிலிருந்து கத்தரி படவில்லை. தேன் நிறத்தில் சுருள் சுருளாக முதுகுவரை. படியில் அவளைப் பார்த்தால் தொட்டுப் பார்க்கக் கை நீளும். நான் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வேன். அவளுடைய அம்மா நிற்கிறாளே.

மார்ச் 14, புதன்

இன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம். இரண்டு வாசல்காரர்களும் முதல்முறையாக ஒரே கூடத்தில். நடுவில் நாற்காலிகள் தானாகவே ஒரு சந்து விட்டுக்கொண்டன. யார் போட்ட சந்து என்று யாருக்கும் தெரியாது.

வேத்ரானா சின்னப் பெண், கண்ணாடிக்காரி. பிள்ளைகள் எழுதியதிலிருந்து சிலவற்றைப் பெயர் சொல்லாமல் படிக்கிறேன் என்றாள்.

முதலில் ஒரு பையன் எழுதியது: "எங்க அப்பா ரொம்பக் கத்துவார். அம்மா அதைவிடக் கத்துவாங்க. அப்புறம் யார் தப்புன்னு முடிவாகும். தப்பு செஞ்சவங்க எல்லாருக்கும் ஆம்லெட் போடணும்." மற்ற வாசல் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரச் சம்மதமா என்ற கேள்விக்கு, "சரி. சண்டை வந்தா ஆம்லெட் போடலாம்" என்று எழுதியிருந்தான்.

கூடமே சிரித்தது. பின்வரிசையில் ஒரு தடித்த ஆள் மட்டும் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கிடைத்துவிட்டார்.

அடுத்தது: "எங்க வீட்ல சண்டையே கிடையாது. அம்மாவுக்குக் கோபம் வந்தா பேசாம ஜன்னல் துடைப்பாங்க. ஜன்னல் பளபளன்னு இருந்தா அன்னிக்கு யாரோ தப்பு செஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். எங்க வீட்ல ஜன்னல் எப்பவும் பளபளன்னுதான் இருக்கும்."

விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்திலிருந்தவளின் தோளைத் தட்டிக்கூடச் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது.

வேத்ரானா தொடர்ந்து படித்தாள். ஒரே வகுப்புக்குச் சம்மதமா? "வேண்டாம். ஒரே வகுப்புன்னா பேச வேண்டியிருக்கும். பேசினா அமைதி போயிடும். எதிர்வீட்டு அத்தை எங்க அம்மாகிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. அம்மா பதில் சொல்லாம எந்திரிச்சு வந்துட்டாங்க. அதனாலதான் ஆறு வருஷமா அமைதியா இருக்கோம்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆம்லெட்காரர் நிமிர்ந்து, யார் வீடு இது என்று சுற்றிப் பார்த்தார். நானும் சுற்றிப் பார்த்தேன், அதே முகத்தோடு.

சமாதானத்துக்கும் வாயை மூடு என்பதற்கும் எங்கள் மொழியில் ஒரே சொல். டீச்சர் மேஜையைத் தட்டி "அமைதி!" என்று கத்துவாரே, அதே சொல்தான் போரை முடித்த ஒப்பந்தத்திலும் இருக்கிறது. பதினொரு வயதுப் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று பட்டால் அவள்மேல் என்ன குற்றம்? இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டியது யார்?

மார்ச் 15

வரவேற்பறை ஜன்னல்களைத் துடைத்தேன். மூன்றாவதை முடித்தபிறகுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது.

மார்ச் 16, வெள்ளி

அந்த நாளை எழுதிவைக்கிறேன். எழுதினால் சிறிதாகும் என்று நினைக்கிறேன்.

2006, மார்ச். லியூபா வீட்டில் காப்பி. அப்போது நாங்கள் "வாடி, போடி" தான். எங்கள் ஊரில் காப்பிக்கு ஒரு கணக்கு உண்டு. முதலாவது வரவேற்புக் காப்பி. இரண்டாவது பேச்சுக் காப்பி, அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போகும். மூன்றாவது போய்வா காப்பி. வீட்டுக்காரி மூன்றாவதை ஊற்றினால் விருந்தாளி குடித்துவிட்டுச் செருப்பைத் தேட வேண்டும். வாயால் யாரும் சொல்வதில்லை. காப்பி சொல்லும்.

இரண்டாவது காப்பியின்போது அவள் கேட்டாள்: "மெலிஹா, தொண்ணூத்தி மூணுல உங்க நெஜாத் எந்த மலையில இருந்தாரு?"

அந்த வருஷம் அவர்கள் ஆட்களும் எங்கள் ஆட்களும் மலைகளில் நின்று ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட வருஷம். ஏன் கேட்கிறாள்? என்ன சொல்ல வருகிறாள்? நான் கோப்பையைப் பார்த்தபடியே இருந்தேன். எவ்வளவு நேரமோ. அவள் எழுந்து உள்ளே போய்ப் புதிதாக ஒரு காப்பி கொண்டுவந்து வைத்தாள். மூன்றாவது. ஓஹோ, போ என்கிறாய்.

போய்விட்டேன். வீட்டுக்கு வந்து எட்டு ஜன்னல் துடைத்தேன். ஐந்து வயது இல்மா வாளி பிடித்துக்கொண்டாள்.

எழுதியும் சிறிதாகவில்லை.

மார்ச் 20, செவ்வாய்

துவைக்கப் போடுமுன் இல்மாவின் ஜாக்கெட் பையைத் துழாவினேன். உள்ளே, கைக்குட்டையில் மடித்து, தேன் நிறத்தில் ஒரு சுருள்.

"இது என்ன?"

"முடி."

"முடின்னு தெரியுது. யாரோடது?"

தரையைப் பார்த்தாள். சனிக்கிழமை விறகு லாரி வந்திருக்கிறது. லியூபாவின் கணவர் ஸ்டிபோ ஊரில் இல்லை. அவசரத்தில் லியூபா படியில் நின்ற இவளிடம், "பத்து நிமிஷம் பாத்துக்கோ கண்ணு" என்று திஹானாவை ஒப்படைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். அந்தச் சத்தமில்லாதவள் இவள் கையிலிருந்த பபிள்கம்மைப் பிடுங்கித் தன் தலையிலேயே தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இழுத்துப் பாத்தேன், கத்தினா. அவங்க சமையலறைக் கத்தரிக்கோலால வெட்டிட்டேன். சுருளா இருந்தது நல்லா இருந்துச்சு, அதான் எடுத்து வச்சேன்."

"லியூபா அத்தைகிட்ட சொன்னியா?"

"சொன்னா சண்டை வருமே. நீதானே சொல்வே, வாயைத் திறக்காம இருந்தா வீடு வீடா இருக்கும்னு."

சொல்வேன். என் வாக்கியம்தான். முற்றுப்புள்ளி உட்பட.

கண்டித்தேனா? இல்லை. அன்போடு கண்டித்தேனா? அதுவும் இல்லை. சுருளை ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி, அலமாரியில் வைத்தேன். வேறென்ன செய்ய? லியூபா கவனிக்காமலும் இருக்கலாமே?

(இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.)

மார்ச் 21, புதன்

படியில் லியூபா. இடுப்பில் திஹானா. வெளியே பதினெட்டு டிகிரி, எங்கள் ஊருக்கு அது நல்ல வெயில். குழந்தையின் தலையில் காது மூடும் கம்பளித் தொப்பி.

"வணக்கம்."

"வணக்கம்."

இருவரும் தொப்பியைப் பார்த்தோம்.

"தொப்பி நல்லா இருக்குங்க," என்றேன்.

"ஆமாங்க. காத்து அடிக்குதில்ல."

ஓர் இலை அசையவில்லை. அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். இருவரும் மிக மரியாதையாக அவரவர் கதவைச் சாத்திக்கொண்டோம்.

மார்ச் 22, வியாழன்

நெஜாத்திடம் சொன்னேன். பஸ் பட்டறையிலிருந்து வந்து கையில் கிரீஸ் கழுவிக்கொண்டிருந்தார். சோப்பை நழுவவிட்டுச் சிரித்தார்.

"முதல் முடியா? கத்தரியே படாத முடியா?"

"இதுல என்ன சிரிப்பு?"

"அடிப் பாவி, நாம உறவாயிட்டோம்! அந்தக் காலத்துல நம்மாளு அவங்க பிள்ளைக்கு முதல் முடி வெட்டினா ரெண்டு வீடும் கும். எங்க தாத்தாவுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கும் இருந்தாரு. ரெண்டு பேருக்கும் வாய்க்கா வரப்புச் சண்டை சாகிறவரைக்கும் நடந்துச்சு. ஆனா பட்டாளம் மாடு பிடிக்க வந்தா ஒருத்தர் மாட்டை இன்னொருத்தர்தான் ஒளிச்சு வச்சாரு."

கும் என்பது ரத்தமில்லாத உறவு; பெண்ணானால் குமா. சம்பந்தியைவிட ஒரு படி மேல். இப்போது ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும்தான் அப்படி யாரையாவது பிடிக்கிறார்கள். மதம் தாண்டி முடி வெட்டி உறவாவதெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது?

"போய்ச் சொல்லு," என்றார். "குமாவா ஆனதுக்கு அப்புறம் வணக்கம் போட்டுக்கிட்டு நிக்கக் கூடாது."

"நீங்களும் வாங்களேன்."

சிரிப்பு நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு டிவியைப் போட்டார். அவர் துடைக்க அவருக்கென்று ஒரு ஜன்னல்.

மார்ச் 25, ஞாயிறு

போனோம். நானும் இல்மாவும். புதிதாக அரைத்த காப்பித்தூள் ஒரு பொட்டலம், சர்க்கரைக் கட்டி ஒரு டப்பா, உறை ஒன்று.

ஒரு மீட்டர் அறுபது. இல்மா மணியில் கை வைத்து, "அடிக்கவா?" என்றாள். "இரு," என்றேன். அவள் காலரைச் சரிசெய்தேன். என் காலரைச் சரிசெய்தேன். "இப்ப?" "இரு."

கதவு தானாகத் திறந்தது. "மூணு நிமிஷமா ஓட்டை வழியா பாத்துக்கிட்டு நிக்கறேன்," என்றாள் லியூபா. "எனக்கே கால் வலிக்குது."

இல்மா ஒரே மூச்சில்: "லியூபா அத்தை நான்தான் திஹானா முடியை வெட்டினேன் பபிள்கம் ஒட்டிக்கிச்சு சொல்லாம போனது தப்பு."

"தெரியும்டி கண்ணு. கத்தரிக்கோலை எங்க சமையல் மேடையிலயே விட்டுட்டுப் போனியே, பபிள்கம்மோட."

"தெரிஞ்சுமா கேக்கல?" என்றது நான்.

"கேட்டுப் பட்டது போதாதா? போன தடவை ஒரே ஒரு கேள்வி கேட்டேன், ஆறு வருஷம் போச்சு. இதையும் கேட்டா நேரா சாவு வீட்லதான் பாத்துக்கணும்."

உறையை நீட்டினேன். பிரித்தாள். சுருளைப் பார்த்துக் கண் கலங்கினாள். உறையைப் பார்த்துச் சிரித்தாள். "தேதி வேற போட்டிருக்கே! முத்திரை எங்கே?" எப்போது "நீ"க்கு மாறினாள் என்று கவனிக்கவில்லை.

முதல் காப்பி. நெஜாத் சொன்ன கும் கதையைச் சொன்னேன். லியூபா மேஜையைத் தட்டிச் சிரித்தாள். "அப்ப இல்மாதான் இவளுக்குக் குமா. ஏய் குமா, பிறந்தநாளுக்குப் பரிசு தரணும். கல்யாணத்துக்கு வரணும். தப்பு செஞ்சா திட்டணும்."

"திட்டலாமா?" என்றாள் இல்மா, நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

"திட்டாதவ என்னடி உறவு?"

இரண்டாவது காப்பி வந்தது. லியூபா எதிரே உட்கார்ந்தாள். நான் ஒரு சர்க்கரைக் கட்டியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தேன். அந்த மேஜை, அந்தக் கோப்பை, அதே நாற்காலி. எவ்வளவு நேரமோ. அவள் எழுந்து உள்ளே போய்ப் புதிதாகக் காப்பி ஊற்றிக்கொண்டுவந்தாள். நானும் எழுந்துவிட்டேன்.

"எங்கே கிளம்பறே?"

"இல்ல... மூணாவது வந்துடுச்சே."

"மூணாவதா? உன் கோப்பையைப் பாரு."

பார்த்தேன். விளிம்புவரை அப்படியே இருந்தது. வாயே வைக்கவில்லை. மேலே ஏடு படிந்திருந்தது.

"ஆறிப்போனதை மாத்தி ஊத்தினா அது ரெண்டாவதுதான்டி! ஊர் நிலத்தையெல்லாம் அளக்கறே, மூணு வரைக்கும் எண்ணத் தெரியல. அன்னிக்கும் இதையேதான் பண்ணினே. பேசட்டும்னு சூடா மாத்திக் கொண்டாந்தேன், நீ செருப்பைத் தேடறே. என்னடா இவ, நான் கேட்டது அவ்ளோ பெரிய தப்பான்னு..."

உட்கார்ந்தேன்.

"ஏன் கேட்டே அன்னிக்கு?"

"ஆன்தே." அவள் தம்பி. "அந்த வருஷம் ஜூன் மாசம் மலைக்குச் சண்டைக்குப் போனான். திரும்பல. எலும்புகூட வரல. யார் சுட்டாங்கன்னு நான் கேக்கவே இல்லடி. எங்க கிடக்கிறான்னு தெரிஞ்சா போதும். அங்க இருந்தவங்க யாராவது எதையாவது பாத்திருப்பாங்க இல்ல? நெஜாத் எந்த மலைன்னு தெரிஞ்சா, கேக்கலாமா வேண்டாமான்னாவது தெரியும். அவ்ளோதான்."

"எனக்குத் தெரியாது, லியூபா. சத்தியமா. நான் கேட்டதே இல்ல."

"கல்யாணமாகிப் பதினாறு வருஷம்..."

"ஜன்னல் துடைச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் இல்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பாகிட்ட கேட்டா தெரிஞ்சுடுமே. ஏன் யாரும் கேக்கல?"

உள்ளே திஹானா கத்த ஆரம்பித்தாள். என் வாழ்நாளில் இவ்வளவு நன்றியோடு எந்தச் சத்தத்தையும் கேட்டதில்லை.

இரண்டாவது காப்பியைக் குடித்தேன். மூன்றாவதும் கொடுத்தாள், வாசல்வரை வந்து, "இதுதான் மூணாவது, குறிச்சு வச்சுக்கோ" என்று.

மார்ச் 26

நெஜாத் கேட்டார்: "என்ன சொன்னா?" "உறவாயிட்டோம்னு சொன்னா," என்றேன். பாதி உண்மை. நான்தான் இப்போது ஒரு ஜாக்கெட் பையில் எதையோ மடித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 28, புதன்

எங்கள் வீட்டு வரலாற்றில் முதல்முறை. இல்மா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

அவள் கைப்பேசியைப் பிடுங்கி வைத்தேன் என்று. வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். பின்னாலிருந்து:

"துடைக்காதே! என்ன கோபம்னு சொல்லு! நான் என்ன ஜன்னலா?"

கதவை அறைந்தாள். எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறந்து, சந்தோஷமாக மூடியது.

அறைக்குள் போய்ச் சொன்னேன். நாளைக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு கைப்பேசி எதற்கு என்று. குரல் உயர்ந்தது, என் குரல்தான். அவளும் விடவில்லை. பரீட்சை நாளை இல்லை, அடுத்த வாரமாம். பார்த்தால், தப்பு என்மேல்.

ஆம்லெட் போட்டேன். மூன்று முட்டை, கொஞ்சம் பாலாடைக்கட்டி. இல்மா தட்டைப் பார்த்துவிட்டு, "நீ சொன்ன அந்த ஆம்லெட் பையன் ஹார்வோயே. மத்த வாசல். நேத்து பேசினேன்," என்றாள். "சுமாராதான் பேசறான். ஆனா பேசறான்."

படிவத்தில் அந்தப் பூஜ்யத்தைத் திருத்த முடியுமா என்று வேத்ரானாவுக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

மார்ச் 30, வெள்ளி

நாலு நாள் மழை. ஜன்னலெல்லாம் கறை. அப்படியே இருக்கிறது. கறைக்கு அந்தப் பக்கமும் மலை தெரியத்தான் செய்கிறது. எந்த மலை என்பதுதான் தெரியவில்லை.

நாளைக் காலை நெஜாத் வர்பாஸ் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகிறார். நானும் வருகிறேன் என்றேன். கல்யாணமான புதிதில் போனது.

"நீயா? மீனையெல்லாம் துடைச்சு அடுக்கி வச்சிடுவியே," என்றார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கென்று ஒரு ரப்பர் பூட்ஸ் தேடி எடுத்து வாசலில் வைத்திருக்கிறார். அவர் அந்த மலையில் எதையும் பார்த்திருக்காவிட்டால்? பார்த்திருந்தால்? பார்த்தது மட்டும் இல்லையென்றால்?

லியூபாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ராத்திரி முழுக்கத் தூங்கமாட்டாள். இல்மாவிடமும் சொல்லவில்லை.

பெரிய பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். ஆற்றங்கரையில் முதல் காப்பிக்கு மீனைப் பற்றிப் பேசுவேன். இரண்டாவதை ஊற்றிவிட்டுக் கேட்பேன். அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பார், தெரியும். ஆறிப்போகும். கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுவேன். ஆறினால் மறுபடியும்.

மூன்றாவதை நான் ஊற்றப் போவதில்லை.